மார்கழி இரவில் ஏசியை எத்தனையில் வைப்பது?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன் தம்பி, படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். தண்டையார்பேட்டையில் மேல்மாடி வீடு, தலைக்கு மேலே மொட்டை மாடி. பத்துக்குப் பத்து அறையில் நீங்கள், மனைவி, இரண்டு வயதுக் குழந்தை, அறுபத்தெட்டு வயது அம்மா. ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி. மார்கழி பிறந்ததிலிருந்து 24-ல் வைத்தால் அம்மா நடுராத்திரியில் குளிர் தாங்காமல் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். நிறுத்தினால் அரை மணி நேரத்தில் உங்களுக்குப் புழுக்கம். ஜன்னலைத் திறந்தால் கொசு. நியூ ஜெர்சியில் இருக்கும் தங்கை, "எங்கள் வீட்டில் தெர்மோஸ்டாட் எப்போதும் 20-ல்தான் இருக்கும், நீங்களும் அப்படியே வையுங்கள்" என்கிறார். எந்த எண் சரி? ஹீட்டரும் சேர்ந்து வரும் ஏசியாக மாற்றலாமா?

27-ல் வையுங்கள். சீலிங் ஃபேனை இரண்டில் ஓடவிடுங்கள். விடியற்காலை மூன்று மணிக்கு ஏசி தானாக நிற்கும்படி டைமர் போடுங்கள். ஹீட்டர் ஏசி வேண்டாம். இன்று ராத்திரிக்கு இது போதும். ஆனால் ஏன் 27 என்று தெரிந்துகொண்டால், உங்கள் வீட்டுக்கு அது 26-ஆ 28-ஆ என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். வண்ணாரப்பேட்டை, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் இருபத்திரண்டு வருடமாக ஏசி வேலை பார்க்கிறேன். டிசம்பர், ஜனவரியில் எனக்கு வரும் போன்களில் பாதி இந்தக் கேள்விதான். ஏசி கெட்டுப்போய்விட்டது என்று கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் மெஷின் நன்றாக இருக்கும்.

தங்கை சொல்வது அவர் ஊருக்குச் சரிதான். அமெரிக்க எரிசக்தித் துறை குளிர்காலத்தில் விழித்திருக்கும் நேரத்துக்குச் சொல்வதே 68 ஃபாரன்ஹீட், அதாவது 20 டிகிரி. தூங்கும்போது இன்னும் குறைக்கச் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனமும் 2018-ல், குளிர் நாடுகளில் வீட்டுக்குள் 18 டிகிரிக்குக் கீழே போகவிடாதீர்கள் என்றது. அங்கே வெளியில் பூஜ்யத்துக்குக் கீழே உறைந்து கிடக்கும். தெர்மோஸ்டாட்டை 20-ல் வைத்தால், வீட்டைச் சூடாக்கி அந்த அளவு வரை மேலே ஏற்றிக்கொண்டு வா என்று அர்த்தம். நம் ரிமோட்டில் அதே 20, அறையைக் குளிரவைத்து அந்த அளவு வரை கீழே இறக்கு என்று அர்த்தம். அவர்கள் ஸ்வெட்டரும் சாக்ஸும் போட்டுக்கொண்டு, தடித்த ரஜாய்க்குள் தூங்குகிறார்கள். நம் அம்மாக்கள் நூல் புடவையோடு ஒரு பருத்திப் போர்வைக்குள் தூங்குகிறார்கள். இன்னொன்று, சூடாக்கிய அவர்கள் வீட்டுக் காற்று வறண்டு போகும். உதடு வெடிக்கும், தோல் அரிக்கும். அதற்காகவே அறைக்குள் ஈரம் கூட்டும் கருவி வாங்கி வைப்பார்கள். நமக்கோ ஈரம்தான் தலைவலி.

சென்னையில் ஜனவரி மாதம் சராசரியாகப் பகலில் 29 டிகிரியை ஒட்டியும், விடியற்காலையில் 21-ஐ ஒட்டியும் இருக்கும். நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்தில் பதிவானதிலேயே மிகக் குறைந்தது 13.9 டிகிரி. அது நடந்தது 1905 ஜனவரி 29-ல். அன்றைக்குக்கூட வீட்டுக்குள் அதைவிட இரண்டு மூன்று டிகிரி கூடத்தான் இருந்திருக்கும். இந்த ஊரில் அறையைச் சூடாக்க ஒரு மெஷினுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண். ஜன்னலைச் சாத்தி ஒரு போர்வை போர்த்தினாலே அந்த வேலை முடிந்துவிடும்.

சரி, ஈரத்துக்கு வருகிறேன். நம் ஊர் மார்கழியின் முழு விஷயமும் இதில்தான் இருக்கிறது.

சென்னையின் வருட மழையில் பாதிக்கும் மேலே அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்க்கிறது. மழை நின்ற பிறகும் சுவர் காயாது. பழைய கட்டடம் என்றால் மேல்தளத்தில் ஓதம் இறங்கி, சீலிங் மூலையில் கருப்பாகப் பூஞ்சை பூத்திருக்கும். கடல் வேறு ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள். காசிமேட்டில் துணி காயப்போட்டவர்களுக்குத் தெரியும், டிசம்பரில் மாலைக்குப் பிறகு கொடியில் விட்ட துணி காலையில் எடுக்கும்போது இன்னும் ஈரமாக இருக்கும். இப்படிப்பட்ட காற்றை வெறுமனே குளிரவைத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். 28 டிகிரியில் ஈரப்பதம் 66 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து ஒரு சொட்டு நீரைக்கூட எடுக்காமல் 25-க்கு இறக்கினால் ஈரப்பதம் கிட்டத்தட்ட 79-க்கு ஏறிவிடும். குளிர்ந்த காற்றால் அவ்வளவு ஈரத்தைத் தாங்க முடியாது, அதுதான் காரணம். அறை குளிர்ந்திருக்கும், ஆனால் தலையணை உறை நமத்துப்போன மாதிரி இருக்கும், உடம்பு பிசுபிசுக்கும். "ஏசி ஓடுகிறது, ஆனாலும் என்னவோ மாதிரி இருக்கிறது" என்று சொல்வார்கள் இல்லையா, அந்த "என்னவோ" இதுதான். அப்போது கை தானாக ரிமோட்டுக்குப் போகும், இன்னும் இரண்டு டிகிரி குறைப்போம். பிசுபிசுப்பு போகாது, குளிர் மட்டும் கூடும், அம்மா எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

ஈரத்தை எடுப்பது ஏசி செய்யாத வேலை இல்லை. சொல்லப்போனால் அதன் முதல் வேலையே அதுதான். 1902-ல் வில்லிஸ் கேரியர் முதல் ஏசியை வடிவமைத்தது நியூயார்க்கில் ஒரு அச்சகத்துக்காக. காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கி, வண்ணம் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரவில்லை. அதைச் சரிசெய்யத்தான் அந்த மெஷின். இன்றும் உள்ளே இருக்கும் காயில் (coil), அதாவது குழாய்ச் சுருள், சில்லென்று இருப்பதால், அறைக்காற்று அதன்மேல் படும்போது ஈரம் நீராகி டிரெயின் பைப்பில் இறங்குகிறது. கோடையில் வாளி வாளியாக வரும். மார்கழியில் ஏன் சரியாக வருவதில்லை? அறையில் சூடு குறைவு. ஒன்றரை டன் மெஷின் பத்துக்குப் பத்து அறையைப் பத்து நிமிடத்தில் 24-க்குக் கொண்டுவந்துவிடுகிறது. உடனே கம்ப்ரஸர் வேகத்தைக் குறைக்கிறது, இல்லையென்றால் நின்றே விடுகிறது. ஈரத்தை எடுக்க அதற்கு நேரமே கிடைப்பதில்லை. போதாக்குறைக்கு, கம்ப்ரஸர் நின்ற பிறகும் உள்ளே காற்றை வீசும் புளோயர் சுற்றுவதால், காயிலில் ஒட்டியிருந்த நீர் மறுபடியும் காற்றோடு கலந்து அறைக்குள்ளேயே வந்துவிடுகிறது. அதனால்தான் சின்ன அறைக்கு ஒரு டன் போதும் என்று நான் தலைபாடாக அடித்துக்கொள்வேன். கடையில் "பெரிதாக வாங்கினால் சீக்கிரம் குளிரும்" என்று ஒன்றரை டன்னைத் தள்ளிவிடுகிறார்கள். சீக்கிரம் குளிர்வதுதான் இங்கே பிரச்சினை.

உங்களிடம் இருப்பது ஒன்றரை டன், அதை மாற்ற வேண்டாம். படுக்கப் போவதற்கு முக்கால் மணி நேரம் முன்னால், அறைக்கதவைச் சாத்திவிட்டு டிரை மோடில் ஓடவிடுங்கள். ரிமோட்டில் நீர்த்துளி படம் போட்டிருக்கும். அந்த நேரத்தில் ஈரத் துண்டு, ஈரத் துணி எதுவும் அறைக்குள் இருக்கக் கூடாது. மழைக்காலத்தில் கட்டில் ஓரத்தில் துணி காயப்போடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு, அதை ஹாலுக்கு மாற்றுங்கள். படுக்கும்போது கூல் மோடுக்கு வந்து 27 வைத்து, புளோயரை லோவில் வையுங்கள். காற்று மெதுவாகப் போனால் காயில் நன்றாகச் சில்லிட்டு, கூடுதலாக ஈரம் பிடிக்கும். ராத்திரி முழுக்க டிரை மோடில் விடாதீர்கள். பல மாடல்களில் அந்த மோடில் நீங்கள் வைத்த எண்ணை மெஷின் மதிப்பதில்லை, விடியும் வரை குளிர்ந்துகொண்டே போகும். ஒரு சின்ன ஈரப்பத மானி வாங்கி மேசைமேல் வைத்துக்கொண்டால் நல்லது. சில நூறு ரூபாய்தான். அது 60-ஐ ஒட்டி இருந்தால் 27 டிகிரியும் சுகமாக இருக்கும். 80 காட்டினால் 24-கூடப் பிடிக்காது.

இனி அம்மா விஷயம். இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

நாம் எல்லோரும் ரிமோட்டில் எண் வைப்பது ராத்திரி பத்தரை மணிக்கு. சாப்பிட்டு முடித்து, பாத்திரம் கழுவி, மாடிப்படி ஏறி இறங்கி, உடம்பு சூடாக இருக்கும் நேரம். மேல்தளத்து கான்கிரீட்டும் பகலில் வாங்கிய வெயிலை அப்போதுதான் அறைக்குள் விட்டுக்கொண்டிருக்கும். அந்த நேரத்துக்கு 24 சுகம்தான். ஆனால் தூக்கத்தில் உடம்பின் வெப்பம் மெல்ல இறங்கி, விடியற்காலை நாலு மணி வாக்கில் அடிமட்டத்துக்கு வருகிறது. கான்கிரீட்டும் அதற்குள் ஆறிவிடும். வெளியே பனி இறங்கும் நேரமும் அதுதான். மூன்றும் ஒரே சமயத்தில் சேர, பத்தரை மணிக்கு வைத்த 24 நாலு மணிக்குத் தாங்க முடியாத குளிராகிவிடுகிறது. வயதானவர்களுக்கு உடம்பு உண்டாக்கும் சூடும் குறைவு, தோலுக்கு அடியில் கொழுப்பும் குறைவு. ஆகவே எண்ணைத் தேர்ந்தெடுக்கும்போது நாலு மணியையும், அந்த அறையில் யாருக்கு அதிகம் குளிருமோ அவரையும் மனதில் வையுங்கள். மற்றவர்களுக்குப் போதாத குளிர்ச்சியை ஃபேன் கொடுக்கும்.

என் அப்பா துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். எதையும் வாய்விட்டுச் சொல்லமாட்டார். வீட்டில் ஏசி போட்ட முதல் வருடம் மார்கழியில் ஒருநாள் விடியற்காலை எழுந்து பார்த்தால், ஹாலில் பாயைப் போட்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு படுத்திருக்கிறார். இழுப்பு வேறு. கேட்டால், "ஒண்ணும் இல்லடா, நீ தூங்கு" என்றார். பிறகுதான் கவனித்தேன், ஏசிக் காற்று நேராக அவர் நெஞ்சில் விழும்படி கட்டில் கிடந்தது. அன்றைக்கே கட்டிலைத் திருப்பிப் போட்டேன். எண்ணைக் கூட்டினேன். அந்த வருடம் மிச்ச நாளெல்லாம் அவர் உள்ளேயே படுத்தார். அந்த மாதிரி மனிதர்கள் குளிருகிறது என்று சொல்லமாட்டார்கள், இடத்தை மாற்றிக்கொள்வார்கள். உங்கள் அம்மா எழுந்து உட்கார்ந்து உங்களுக்குத் தெரியும்படி ஆனது நல்லதுதான்.

ஆகவே, அம்மாவின் கட்டில் ஏசிக்கு நேர் எதிரே வேண்டாம். ஏசிக்குக் கீழே, அதே சுவரை ஒட்டிப் போட்டால் காற்று தலைக்கு மேலே தாண்டிப் போய்விடும். புளோயரின் இதழை மேல்நோக்கி நிறுத்துங்கள். குளிர்ந்த காற்று கனமானது, தானாகவே இறங்கி வரும். சீலிங் ஃபேன் அம்மாவுக்கு ஆகாது என்றால், உங்கள் பக்கம் மட்டும் வீசும்படி ஒரு டேபிள் ஃபேன் வைத்துக்கொள்ளுங்கள். ஃபேன் காற்றைக் குளிரவைப்பதில்லை. தோல்மேல் காற்று ஓடுவதால் இரண்டு மூன்று டிகிரி குறைந்த மாதிரி உணர்வைத் தருகிறது, அவ்வளவுதான். ஆனால் ஒரே அறையில் உங்களுக்கு 25 மாதிரியும் அம்மாவுக்கு 27 ஆகவும் இருக்க இதைவிட எளிய வழி கிடையாது. 27-ல், போர்வைக்குள்ளும் அம்மாவுக்குக் குளிர்கிறது என்றால், அது ஏசி விஷயம் இல்லை. தைராய்டுக்கும் ரத்தசோகைக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். இரண்டுமே குளிர் தாங்காமல் செய்யும்.

குழந்தைக்குக் கையையும் காலையும் தொட்டுப் பார்த்துக் குளிரை முடிவு செய்யாதீர்கள், அவை எப்போதும் கொஞ்சம் சில்லென்றுதான் இருக்கும். பின்கழுத்தையோ நெஞ்சையோ தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி, வியர்த்திருந்தால் துணி அதிகம். தூங்கும்போது தலையில் குல்லா வேண்டாம்.

ரிமோட்டில் தெரியும் எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. மெஷின் வெப்பத்தை அளப்பது அதன் உடம்புக்குள், சீலிங்குக்கு ஓரடி கீழே. நீங்கள் படுத்திருப்பது தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில். இரண்டு இடத்துக்கும் இரண்டு டிகிரி வித்தியாசம் சர்வ சாதாரணம். மேல்தளம் என்றால் சீலிங் பக்கம் சூடு தேங்கும், அதனால் மெஷின் 27 என்று நினைக்கும்போது கட்டிலில் 25 இருக்கலாம். உங்கள் வீட்டில் 28 வைத்தாலும் சரியாக வரலாம் என்று நான் நினைப்பதற்குக் காரணம் இதுதான். ஒரு சாதாரண வெப்பமானியைத் தலையணைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

கடைக்காரர் "அரசாங்கமே 24 என்று சொல்லியிருக்கிறது" என்றிருப்பார். 2020 ஜனவரி 1 முதல் ஸ்டார் முத்திரை உள்ள ஏசி எல்லாம் போட்டவுடன் 24-ல் தொடங்கும்படி இருக்க வேண்டும் என்பது விதி. 18-லும் 16-லும் வைத்து மின்சாரத்தை வீணாக்குகிறார்களே என்பதற்காக வந்தது. அது தொடங்கும் இடம்தான், தில்லி மே மாதத்துக்கும் தண்டையார்பேட்டை மார்கழிக்கும் ஒரே எண் பொருந்தாது. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பதும் ஸ்டார் முத்திரை கொடுக்கும் மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகத்தின் (BEE) கணக்குத்தான்.

எந்தப் பருவத்துக்கு எந்த வெப்பம் இதம் என்பதற்கு நம் நாட்டிலேயே நல்ல ஆய்வு இருக்கிறது. அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகம் சென்னை உட்பட ஐந்து நகரங்களில் அலுவலகங்களில் வேலை செய்பவர்களிடம் கேட்டு, 2014-ல் ஒரு கணக்கு கொடுத்தது. அண்மை நாட்களின் வெளி வெப்பச் சராசரியை 0.54-ஆல் பெருக்கி 12.83-ஐக் கூட்ட வேண்டும். ஜன்னல் திறந்து, ஃபேன் காற்றில் இருப்பவர்களுக்கு இதமான வெப்பம் அதுதான். சென்னை ஜனவரிக்குச் சராசரி 25 என்று போட்டால் 26.3 வருகிறது. அதற்கு மேலும் கீழும் சுமார் 2.4 டிகிரி வரை பெரும்பாலோருக்குச் சரிப்படும். இதே கணக்கில் மே மாதத்துக்கு 30 தாண்டும். உடம்பு ஊரோடு சேர்ந்து பழகுகிறது என்பது இதன் அடிப்படை. மே மாதத்தில் 27 வைத்து நன்றாகத் தூங்கிய அதே அறையில், மார்கழியில் 24 வைத்தால் குளிருவதில் ஆச்சரியம் இல்லை.

உங்கள் அறையின் தெற்குச் சுவரையும் பாருங்கள். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் நண்பகல் வெயில் தெற்குச் சுவரிலும் ஜன்னலிலும் நன்றாக விழும். மே, ஜூனில் சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடுவதால் அந்தச் சுவருக்கு நண்பகல் வெயிலே கிடையாது. அதனால் சில வீடுகளில் ஒரு அறை மட்டும் டிசம்பரில் ராத்திரி வரை வெதுவெதுப்பாக இருக்கும். ஓதம் பிடித்த சுவர் தெற்கே இருந்தால் பகலில் திரையை விலக்கி வெயில் விடுங்கள், காயும். தெற்குச் சுவர் காய்ந்திருந்தும் சூடு அதிகம் என்றால் மத்தியானம் மட்டும் திரை போடுங்கள். ஷீட் போட்ட வீட்டுக்கு இதெல்லாம் பொருந்தாது. அது பகலில் கொதிக்கும், இருட்டினால் சீக்கிரம் ஆறிவிடும், ஏசியை நள்ளிரவுக்கே நிறுத்திவிடலாம்.

ஜன்னல் பற்றித் தயக்கத்தோடுதான் சொல்கிறேன். வேறு ஊராக இருந்தால் மார்கழியில் ஏசி எதற்கு, ஜன்னலைத் திற என்று ஒரே வரியில் முடித்துவிடுவேன். வடசென்னையில் அப்படிச் சொல்ல முடியாது. ராத்திரியில் காற்று கரைப்பக்கமிருந்து கடலுக்குத் திரும்பும்போது கொடுங்கையூர் குப்பைமேட்டு வாடை வரும், சில நாள் மணலிப் பக்கத்து வாடை. குளிர்ந்த காற்று தரையோடு படிந்து கிடப்பதால் புகையும் மேலே போகாது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து தெருவுக்கு ஓடினார்கள். அதன் பிறகு ஜன்னலைத் திறந்து படுக்கப் பயப்படும் குடும்பங்கள் எனக்குத் தெரியும், அந்தப் பயம் நியாயமானது. ஆனால் ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, இருக்கிற காற்றையே சுற்றவிடுகிறது. சின்ன அறையில் நாலு பேர் எட்டு மணி நேரம் மூச்சுவிட்டால் காலையில் தலை கனக்கும். அறைக்கதவை இரண்டு விரல் திறந்து வையுங்கள். ஹால் ஜன்னலுக்குக் கொசுவலை அடித்துத் திறந்துவிடுங்கள். வாடை இல்லாத நாளில் மூன்று மணிக்கு ஏசி நின்ற பிறகு ஃபேனும் அந்தத் திறப்பும் போதும், விடியும் வரை தூங்கலாம்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். குளிருக்காகவோ குழந்தைக்குச் சாம்பிராணி போடவோ, அடைத்த ஏசி அறைக்குள் கரி நெருப்பு வைக்காதீர்கள். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

மின்கட்டணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் 24-லிருந்து 27-க்கு வந்து, மூன்று மணிக்கு நிறுத்தினால், இரண்டு மாத பில்லில் நீங்களே வித்தியாசம் பார்ப்பீர்கள்.

முதல் இரண்டு மூன்று ராத்திரி 27-ல் விட்டு, காலையில் அம்மாவிடம் "நாலு மணிக்கு முழிப்பு வந்ததா?" என்று மட்டும் கேளுங்கள். "குளிர்ந்ததா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார். முழிப்பு வந்தது என்றால் 28-க்குப் போங்கள், அல்லது டைமரை இரண்டு மணிக்கு மாற்றுங்கள். அம்மா நன்றாகத் தூங்கி உங்களுக்குப் புழுங்கினால், எண்ணைத் தொடாமல் ஃபேனை மூன்றாக்குங்கள். ஃபில்டரை இந்த ஞாயிற்றுக்கிழமையே கழுவுங்கள், அடைத்த ஃபில்டரோடு மேலே சொன்ன எதுவும் சரியாக வேலை செய்யாது. போகி அன்று புகை எப்படி இருக்கும் என்று தெரியும், 2018-ல் விமானங்களே இறங்க முடியாமல் திரும்பிப் போயின. அன்று விடியற்காலை கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியே இருக்கட்டும். பொங்கலுக்கு மறுநாள் ஃபில்டரை இன்னொரு முறை கழுவிவிடுங்கள்.